அணைத்த பொறியும் அழியாத ஆட்டமும்

பழைய வீடியோ கேம் பொறியை மின் இணைப்பிலேயே வைத்திருக்க வேண்டுமா? எங்கள் இல்லத்தில் இது நெடுநாள் வழக்கு. 1990-இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் ஃபேமிகாம்' அது. அயல்நாட்டில் வாழும் என் மகன் சிறுவனாய் ஆடி எட்டிய நிலை, கேசட்டினுள் உள்ள சிறு மின்கலத்தின் தயவால் இன்னும் அழியாதிருக்கிறது. "பிளக்கைப் பிடுங்காதீர்கள், அப்பா" என்பான்.

பொறியை அணைக்காமலே வைத்தால் நினைவு நிலைக்கும்தான். ஜப்பானியர் ஒருவர் அவ்வாறு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்ததாக 2015-இல் செய்தி வந்தது. (பித்து என்பீர்கள், நான் சொல்லமாட்டேன்.) அணைத்த பொறியைச் செருகிவைப்பதால் கேசட்டுக்குப் பயனில்லை, அடாப்டர் வெதுவெதுக்கும், அவ்வளவே. ஒரு வாட் வீணானாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 யூனிட்.

ஆகவே பிடுங்கிவிட்டேன். இனி மின்கலத்தை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றும் கணத்தில் மாற்று மின்சாரம் தவறினால் அவன் ஆட்டம் அழிந்துவிடும். புதிய மின்கலத்தை வாங்கி மேசைமேல் வைத்து மூன்று மாதமாகிறது.