பொய்யைக் கண்டுபிடிக்கும் படிப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. ப்ளஸ் டூ, டிகிரி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

ஃபாரன்சிக் சைக்காலஜி, தமிழில் தடயவியல் உளவியல் என்று ஒரு படிப்பு. பிள்ளைகள் இப்போது இதை அதிகம் விசாரிக்கிறார்கள். பெற்றோருக்கோ பயம். நம் பழைய மாணவர் ஒருவர், ஜீயபுரத்தில் வாழைக் கொல்லை வைத்திருப்பவர், போன மாதம் மகளை அழைத்து வந்தார். "டீச்சர், இவ இதைத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கொலை, கொள்ளைன்னு பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர்? நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

அந்தப் பெண்ணிடம், "இதைப் படிச்சா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். "முகத்தைப் பார்த்தே பொய் சொல்றாங்களான்னு கண்டுபிடிச்சிடலாம் டீச்சர்" என்றாள். அவளிடம் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சொல்வதே உளவியல் ஆராய்ச்சிதான். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியான கணக்குப்படி, கேட்பது உண்மையா பொய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது 100க்கு சுமார் 54 முறைதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்!

இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். உண்மை கண்டறியும் சோதனையில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை இவற்றைத்தான் அளக்கிறார்கள். பொய்யை அளக்கும் கருவி எதுவும் அதில் கிடையாது. பயந்தவனுக்கும் வியர்க்கும்.

திருச்சிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2012 மார்ச் 29 அன்று தில்லைநகரில் காலை நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் ராமஜெயம் கொல்லப்பட்டார். சிபிசிஐடி, சிபிஐ, பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கைமாறியது. கடைசியில் சந்தேகப்பட்ட சிலருக்கு 2023 ஜனவரியில் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். அந்தச் சோதனைகளாலும் வழக்கு முடிவுக்கு வரவில்லை.

சம்மதம் எதற்கு? 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளைப் பதிவு ஆகிய சோதனைகளைச் செய்யக் கூடாது. சம்மதித்துச் செய்தாலும் அந்த முடிவை மட்டும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு. இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் உளவியலோடு சட்டமும் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அப்படியானால் இதில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்? என் பார்வையில் முதல் பாடம், கேள்வி கேட்பது.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார். 50 பேரிடம் "கார்கள் மோதியபோது என்ன வேகம்?" என்றும், வேறு 50 பேரிடம் "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்ற கேள்வி. முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! கேட்டவர் போட்ட ஒரு வார்த்தை, பார்த்தவரின் ஞாபகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதைப் படித்தபோது, நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்தது நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். "எடுத்தியா?" என்று யாரும் கேட்கவில்லை. "எடுத்த பணத்தை எங்கடா ஒளிச்சு வெச்சே?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அவன், "வாய்க்கா ஓரத்துல பொதைச்சேன்" என்றான். தோண்டினார்கள், ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் பணம் அப்படியே இருந்தது. "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "சொன்னாத்தான் வீட்டுக்கு விடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றான். அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் அவனைத் திருடன் என்றே கூப்பிட்டார்கள். செய்யாததைச் செய்தேன் என்று மனிதர்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது இந்தப் படிப்பில் பெரிய பாடம்.

2012இல் வந்த போக்சோ சட்டத்தில் இந்த அறிவு தெரிகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையிடம் அதன் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். விசாரிக்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. நீதிமன்றத்தில் வக்கீல்கள் குழந்தையை நேரடியாகக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி மூலமாகத்தான் கேட்க வேண்டும். உளவியல் படித்தவர்களின் உதவியையும் பெறலாம். சட்டம் எழுதியாகிவிட்டது. அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்காரத் தெரிந்த, வாயில் வார்த்தையைத் திணிக்காமல் கேட்கத் தெரிந்த ஆட்கள்தான் வேண்டும். அந்த அப்பாவிடம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு கேட்டியேப்பா, இதுக்குத்தான்" என்றேன்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: முதலில் பி.எஸ்சி. உளவியல் படியுங்கள். புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள். பாதிப் படிப்பு அதுதான். பிறகு குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடயவியல் உளவியல் முதுநிலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. குற்றவியல் பக்கம் போக விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் முதுநிலை உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு அவசியம். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அதற்குத் தகுதி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். வேலை உடனே கொட்டிக் கிடக்கும் என்று சொல்ல மாட்டேன். சிறை, தடயவியல் ஆய்வகம், குழந்தைகள் நலக் குழு என்று தேடித்தான் போக வேண்டும்.

என் மாணவர்களில் காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் இருப்பவர்கள், விவரம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெற்றோராக இருப்பவர்கள் இன்று வீட்டில் எதாவது காணாமல் போனால், "ஏன் எடுத்தே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை சும்மா இருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ஜீயபுரம்