உட்சுவர்

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் வலை சுற்றியிருக்கிறது. அந்தக் குழாயின் உட்சுவர் ஒரே ஒரு செல் கனம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள மொத்தத் தடுப்பே பல இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வெகுகாலம் மருத்துவ உலகம் இந்தச் செல்களை வெறும் உறையாக, செல்லோஃபேன் தாளாகவே எண்ணியிருந்தது. பெனிசிலினுக்காக நோபல் பரிசு பெற்ற ஹோவர்ட் ஃபுளோரி, இது அப்படியல்ல என்று 1966இல் எழுதவேண்டியிருந்தது. வீட்டைத் தாங்குகிறவர்களைச் சுவராகவே பார்த்துப் பழகிய ஊரில் வாழும் எனக்கு இதில் பெரிய வியப்பில்லை.

தமிழ் படித்த நான் இதற்குள் போனது அக்காவால். 2021 மே மாதம் திருச்சி மருத்துவமனை ஒன்றில் 11 நாள் ஆக்சிஜனில் கிடந்தாள்.

கொரோனாவில் நடந்தது இதுதான். அழற்சி மூண்டதும் இந்தச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதக் கொக்கிகள் கழன்றன. சில செல்கள் செத்தன. ரத்தத்தின் நீர் காற்றறைக்குள் கசிந்தது. டெக்ஸாமெத்தசோன் போட்டது அழற்சியை அடக்கத்தான்; இடிந்ததைக் கட்ட அதனால் ஆகாது. அது மிஞ்சிய செல்களின் வேலை. பக்கத்திலிருப்பவை முதலில் தட்டையாகிப் பரவி இடைவெளியை மூடுகின்றன. பிறகு பெருகுகின்றன. அதன்பின் கொக்கிகளை மறுபடி கோத்துக்கொள்கின்றன. இந்த நுண்குழாய்களில் இரண்டு வகைச் செல்கள் உண்டென்று 2020இல் கண்டுபிடித்தார்கள். ஒன்று அகலப் பரந்து வாயுப் பரிமாற்றத்துக்கென்றே இருப்பது. மற்றது, காயம்பட்டபின் பெருகித் தன் இனத்தையும் முதல் வகையையும் உண்டாக்குவது. பெருக்கத்தை முடுக்கும் ஃபாக்ஸ்எம்1 என்ற புரதம் இளம் எலிகளில் காயத்துக்குப் பின் கூடுகிறது. முதிய எலிகளில் கூடுவதில்லை, கசிவும் நிற்பதில்லை. எலியில் கண்டதை அப்படியே அக்காவின் மார்புக்குள் ஏற்றிவிட முடியாது. ஆனால் அவளுக்கு அப்போது வயது 56.

கவிதை எழுதுகிறவளுக்கு இங்கே ஓர் உவமை கைகட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதை வெளியே நிற்க வைக்கிறேன். செல்லுக்குத் தியாகம் தெரியாது. சத்தும் சமிக்ஞையும் கிடைத்தால் வேலை செய்யும், கிடைக்காவிட்டால் செய்யாது. அதைத் தாய் என்று யாரும் கும்பிடுவதில்லை.

ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் அவள் விரலில் மாட்டிய கருவி 97 காட்டியது. "அதான் தொண்ணூத்தேழு இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் அத்தான். அன்றைக்கே அடுப்படி அவளிடம் திரும்பிவிட்டது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, கொஞ்சம் பதற்றம் இருக்கும்" என்று ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

97 என்பது உட்கார்ந்திருக்கும்போது எடுத்த எண். வாயு எவ்வளவு ரத்தத்துக்குள் கடக்கிறது என்று அளக்க வேறொரு சோதனை உண்டு. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடை மூச்சில் இழுக்கச் சொல்வார்கள். கொரோனாவிலிருந்து மீண்ட பலருக்கு மாதங்கள் கழித்தும் இதில் குறை தெரிந்தது, ஊதிப் பார்க்கும் சாதாரணச் சோதனை சரியாக இருந்தவர்களுக்கும்கூட. நாங்களாகக் கேட்டுத்தான் இதை எழுதி வாங்கினோம். 1ஆம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் எடுத்தோம். இருக்கவேண்டியதில் 61 சதவீதம்.

அத்தான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றார். முதல் மாதச் சம்பளத்தை அக்காதான் தன் தையல் காசிலிருந்து கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து எடுத்ததில் 74 வந்தது.

சமைக்க வந்த பெண்ணுக்கும் அதே மே மாதம் கொரோனா வந்து போயிருந்தது. எங்கள் வீட்டுப் படியேறி வந்ததும் திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருக்கு யாரும் எந்தச் சோதனையும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை.