களியக்காவிளையில் இரண்டு எல்லை

ஒன்று, தமிழ்நாடு முடிகிற இடம். எந்த டீக்கடையில் கேட்டாலும் காட்டுவார்கள். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. சாப்பாட்டில் பூச்சிமருந்தும் பூசண மருந்தும் எவ்வளவு மிஞ்சலாம் என்கிற எல்லை.

2015-ல் நம்ம ஊர்க் காய்கறியில் மருந்து மிச்சம் அதிகம் என்று கேரளா கொடி பிடித்தது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் சோதனை, செக்போஸ்ட்டில் கெடுபிடி. எனக்குக் கோபம் வரவில்லை சார், பொறாமைதான் வந்தது! லாரி ஏறிப் போகிற கத்தரிக்காய்க்குப் பரிசோதனை. நம்ம சாம்பாருக்கு வருகிற கத்தரிக்காய்க்கு?

இந்த எல்லையை எப்படிப் போடுகிறார்கள்? மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கெடுதல் செய்யாத அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். வழக்கமாக அதில் நூறில் ஒரு பங்குதான் மனுஷனுக்கு. லேபிளில் சொன்னபடி அடித்து, சொன்ன நாள் பொறுத்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயலிலும் பார்க்கிறார்கள். ஆகவே எல்லை தாண்டிய காயைத் தின்றால் உடனே மயங்கி விழ மாட்டோம். ஆனால் யாரோ அளவை மீறியிருக்கிறார், அல்லது அவசரப்பட்டு அறுத்திருக்கிறார்.

நெல் குலைநோய்க்கு அடிக்கிற பூசண மருந்து ட்ரைசைக்ளசோல். அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை விட்டுவைத்திருந்த ஐரோப்பா, 2017-ல் அதை 0.01 ஆகக் குறைத்தது. நம்ம பாஸ்மதி ஏற்றுமதிக்காரர்கள் பதறிப்போனார்கள். வாங்குகிறவன் குரலுக்கு அவ்வளவு மரியாதை!

நாமும் வாங்குகிறவர்கள்தானே? காயை அமுக்கிப் பார்க்கிற கையோடு, "மருந்தடிச்சு எத்தன நாளாச்சு அண்ணே?" என்றும் கேட்டு வையுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம். பத்துப் பேர் கேட்டால், அவர் தோட்டக்காரரைக் கேட்பார்.