மடல் பகுப்பும் புறனடையும்

தொகுத்தலும் வகுத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. அகநானூற்றைத் தொகுத்தோர் 400 பாடல்களையும் எண்ணைக் கண்டவுடன் திணை விளங்குமாறு அடுக்கிவைத்தனர். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தாம் எண்கள் நெய்தல். ஆதலின், 144ஆம் பாடல் முல்லை என்பதை நூலைத் திறவாமலே மாணவர் கூறிவிடலாம். நெறியை முன்னரே வகுத்துக்கொண்டால் பின்னர்த் தேடும் உழைப்புக் குறையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இன்று மின்னஞ்சலுக்கும் இத்தகைய நெறியே கைகொடுக்கிறது. யூனிக்ஸ் கணினிக்கு வரும் மடல்களைப் பகுத்தற்குரிய புரோக்மெயில் என்னும் மென்பொருளை ஸ்டீபன் வான் டென் பெர்க் என்பார் 1990இல் இயற்றினார். யூனிக்ஸ் மரபைப் பின்பற்றிய லினக்ஸ் கணினியில் யாம் எம் மடல்களை இதனைக் கொண்டே பகுத்து வருகிறோம். இதற்கென விதிக்கோப்பு ஒன்றை எழுதிவைத்தல் வேண்டும். தொடக்கக் குறி, நிபந்தனை, சேரிடம் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு விதி. மடல் வந்ததும் விதிகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்பெறும். முதலில் பொருந்தும் விதி அதனை உரிய கோப்புறையில் சேர்த்துவிடும். ஆகவே சிறப்பு விதி முன்னும் பொது விதி பின்னும் நிற்றல் முறை. தொடக்கக் குறியின் இறுதியில் மேலும் ஒரு முக்காற்புள்ளி இட்டால், ஒரே நேரத்தில் வரும் இரு மடல்கள் தம்முள் கலந்துவிடாதவாறு கோப்புறை பூட்டப்பெறும்.

விதி எழுதுதல் எளிதே. எனினும் புதுச்சேரியில் அது சற்று அரிதாகிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. முகம்மது என்னும் பெயரின் முதலெழுத்தை ஆங்கில வழியினர் ‘எம்’ என்பதனோடு ‘ஓ’ அல்லது ‘யூ’ சேர்த்து எழுதுவர். பிரெஞ்சு வழியினர் அவ்விரண்டையும் ஒருங்கே சேர்ப்பர். பாரீசில் வாழும் அண்ணன் ஒருவிதமாகவும் இங்குள்ள தம்பி வேறுவிதமாகவும் தந்தை பெயரை எழுதக் காண்கிறோம். விதியில் ஒரு வடிவத்தை மட்டும் தந்தால் ஒருவர் மடல் வழிதப்பும். இடையே நேர்கோடிட்டு இரண்டையும் தருதல் வேண்டும்.

தமிழில் எழுதிய தலைப்புக்கு வேறோர் இடர் உண்டு. அது பொதுவாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாறியே பயணம் செய்கிறது. விதியில் ‘தேர்வு’ என்று எழுதிவைத்தால் அச்சொல்லை மென்பொருள் அங்குக் காணாது. குறியீட்டை மீண்டும் தமிழாக்கித் தரும் சிறு நிரல் ஒன்றை விதிக்கு முன்னே நிறுத்தினாலன்றிப் பயனில்லை.

எவ்விதிக்கும் அடங்காத மடலின் நிலை என்ன? அது பொதுப்பெட்டியை வந்தடையும். இலக்கணிகள் சொல்லாது விடுபட்டனவற்றைத் தழுவப் புறனடை வகுத்தது போன்றதே இவ்வேற்பாடு. ஆயின், யூனிக்ஸில் இட்டது மீளாத வெற்றிடம் ஒன்றும் உண்டு. தலைப்பில்லா மடல்கள் அனைத்தையும் குப்பையெனக் கருதி அதனுள் தள்ள விதியெழுதுவோர் உளர். யாம் அதற்கு உடன்படோம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவிக்குத் தலைப்பிடும் வழக்கம் எவரும் கற்பித்ததன்று. “ஐயா, தேர்வுக் கட்டணம் கட்ட இயலவில்லை” என்று கைப்பேசியில் ஒரே வரி எழுதுவாள். அவ்வரி எந்த விதிக்கும் பொருந்தாது. ஆயினும் அன்றைய மடல்களுள் முதலிற் படிக்கத்தக்கது அதுவே.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பர் எம் இல்லத்தார். மடலும் அத்தகையதே. ஆதலின் நாள்தோறும் பொதுப்பெட்டியைப் பார்த்த பின்னரே ஏனைய கோப்புறைகளைத் திறக்கிறோம். விதியெழுதக் கற்கும் மாணவச் செல்வங்கள் புறனடைக்கும் இடம் வைத்து எழுதுவார்களாக!