திட்டிவாசல்

எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. குனிந்துதான் நுழைய வேண்டும். உயரமானவர்கள் முதல் தடவை நெற்றியில் இடித்துக்கொள்வார்கள். இரண்டாம் தடவை முதுகு தானாகவே வளைந்துவிடும். மாடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் அதற்குத் 'திட்டிவாசல்' என்று பெயர் வைத்தார். தமிழ் படித்தவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். திட்டிவாசல் என்பது பெரிய கதவுக்குள்ளேயே வெட்டிய சிறு கதவு. கோட்டைக் கதவைத் திறக்காமல் ஆள் மட்டும் போய்வருவதற்காக வைத்தது. எங்கள் சுவரில் பெரிய கதவு ஏது? ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். மந்தைவெளியில் கடன்பட்டு வீடு வாங்கியவர்களும், அவர்களிடம் வாடகைக்கு இருப்பவர்களும். அந்தப் பக்கம் ஏழைகளுக்காகக் கட்டிய நாலு மாடிக் குடியிருப்பு. காலை ஆறு மணிக்குத் திட்டிவாசலில் நடமாட்டம் தொடங்கும். சமையலுக்கும், கார் துடைக்கவும், குழந்தை பார்த்துக்கொள்ளவும் அங்கிருந்து இங்கே வருவார்கள். இங்கிருந்து இஸ்திரிக்குத் துணி போகும். அங்கிருந்து இட்லி வரும். அர்த்தராத்திரியில் ஆட்டோ வேண்டுமென்றால் நாங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போய்க் குரல் கொடுப்போம். பஸ் நிறுத்தத்துக்கும் அதுவே குறுக்கு வழி.

இந்தக் கதவை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்று எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்துக் கட்டடம் பழுதாகிவிட்டது. கடலோர ஊரில் உப்புக் காற்று கான்கிரீட்டையும் சும்மா விடுவதில்லை. உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும்; அது வீங்கி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடியிருப்பில் ஜன்னலுக்கு மேலிருந்த சிமெண்டுப் பலகை இப்படித்தான் இற்று விழுந்து, ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஆகவே, பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்ட வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. எங்கள் பக்கத்துக் கட்டடத்தையும் காலி செய்தார்கள்.

பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் சமையலுக்குக் கைகொடுத்த அம்மாள் அங்கேதான் குடியிருந்தாள். என் பெண் முதன்முதலாக நாலடி எடுத்து வைத்தது என் மனைவியை நோக்கி அல்ல, அந்த அம்மாளை நோக்கி. அவளுக்கு மந்தைவெளியிலோ மயிலாப்பூரிலோ ஓர் அறை கிடைக்கவில்லை. கண்ணகி நகரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனாள். "நாலரைக்கு எழுந்தா ஏழரைக்கு வந்துடலாம் சார்" என்றாள். மூன்று மாதம் வந்தாள். பிறகு ஒரு நாள் கதவோரமாக நின்று, "முடியலை சார். பஸ்ஸுலயே பாதி உசிரு போயிடுது. உங்க மேல ஒண்ணும் கோவமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்தக் காகிதம் வந்தது. பின்பக்கம் இடிக்கிறார்கள், புழுதி வருகிறது, திருடர் பயம் உண்டு, புதிய கட்டடம் இன்னும் உயரமாக வரப்போகிறது, ஜனங்களும் அதிகமாவார்கள், ஆகவே கதவை மூடிவிடலாம். நான் அப்போது ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் படித்தேன். 'வீட்டின் மதிப்பு' என்று ஒரு சொல் அதில் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் போட்டேன்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். ஞாபகப்படுத்தியவன் என் அக்காள் மகன்.

அவன் கட்டடக் கலை படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய படச்சுருள் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தான். நாலு மூலையிலும் ஊறுகாய் ஜாடி, டபரா, உப்பு, என்னுடைய சமீபத்திய நாவல் ஆகியவற்றை வைத்தான். என் நாவல் கனமானது என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

"பட்டினப்பாக்கம் மாமா. யாரும் கேட்கலை. நானாப் போட்டுப் பார்த்தேன்" என்றான்.

எனக்கு ஆசை உண்டாயிற்று. நான் வளர்ந்த இடம் அது. வீட்டு வசதி வாரியம் அங்கே கட்டியிருந்த வாடகைக் குடியிருப்பில், அரசாங்க உத்தியோகஸ்தரான என் அப்பாவுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். கிழக்கே கடல், தெற்கே சீனிவாசபுரம், அதற்கப்பால் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். மாடி வீட்டுப் பையன்களும் குப்பத்துப் பையன்களும் ஒரே மணலில் பந்து விளையாடினோம். கடலுக்குச் சுவர் கட்ட யாருக்கும் தோன்றாததனால் அது சாத்தியமாயிற்று. வாசலில் 12பி பஸ் ஏறினால் லஸ்ஸும் பாண்டி பஜாரும் நம்முடையவை. பிற்பாடு அந்தக் கட்டடங்களும் உப்புக் காற்றில் உளுத்து, காலியாகி, இடிபட்டன.

மருமகன் விரலால் காட்டிக்கொண்டே வந்தான். இடிபட்டுக் காலியாகக் கிடக்கும் இடத்தில் முதலில் கட்ட வேண்டும். சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் நேரே அங்கே குடியேற வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய பழைய வீடுகளை இடிப்பது.

"ஒரு தடவைதான் மூட்டை கட்டணும் மாமா. அதுவும் நடந்து போற தூரத்துக்கு."

இப்போது நடப்பது என்ன? இடித்துக் கட்டும்வரை வெளியே இருப்பதற்காகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்துவந்ததை அரசு 24,000 ஆக உயர்த்தியிருக்கிறது. புது வீடும் சுமார் 400 சதுர அடி. பழையதைவிட மிகவும் பெரியது. நல்ல காரியந்தான். ஆனால் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 1,333 ரூபாய் ஆகிறது. மந்தைவெளியில் அந்த வாடகைக்குக் குடியிருக்க இடம் கொடுப்பவர் யார்?

1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்ட காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவது என்பதுதான் பெரிய நோக்கமாக இருந்தது. கடற்கரைக் குப்பங்களில் எழுந்த மாடி வீடுகள் அப்படி வந்தவை. பிறகு நகரத்து நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளின் வீடு நகர்ந்துகொண்டே போயிற்று. 2000-இல் கண்ணகி நகர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதன் பின் பெரும்பாக்கம். வாரியத்தின் பெயர்கூட 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறிவிட்டது. வாழ்விடம் என்பது அழகான சொல். வாழ்வு ஓரிடத்திலும் இடம் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் அந்த அம்மாளின் மூன்று மாதப் பஸ் பிரயாணம் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

படத்தில் அடுத்த விஷயம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே வளாகத்தில் ஏழைகளுக்கு ஒதுக்கிய வீடு, அரசு ஊழியருக்கு வாடகை வீடு, விலைக்கு விற்கும் வீடு எல்லாவற்றையும் கலந்து போட்டிருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. கடல் அலை வந்த ஊர் என்பதால் கீழ்த்தளத்தில் வீடே கிடையாது; கடைகளும், வலை உலர்த்தி வைக்கும் இடமும், பாலர் பள்ளியும்தான். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளுக்காகக் கட்டடங்கள் பின்தள்ளி நின்றன. மின்தூக்கிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் யார் பணம் கொடுப்பது என்று கேட்டேன். கடை வாடகை கொடுக்கும் என்றான். கட்டுகிற செலவு? விற்கும் வீடுகளின் லாபம்.

"அதெல்லாம் சரியப்பா. கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிறவன் இதற்குச் சம்மதிப்பானா?" என்றேன். கோடி ரூபாய்க்காரனின் குரல் என் தொண்டையிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கவனித்தேன்.

"பாட்டி இருந்த ஸ்டோர் எப்படி மாமா?" என்றான்.

இந்தத் தலைமுறைக்கு ஸ்டோர் என்றால் கடை. மயிலாப்பூரில் ஸ்டோர் என்றால் நீளமான ஒரு வீடு. அதில் ஏழெட்டு ஒண்டிக்குடித்தனம். என் அம்மா பிறந்து வளர்ந்தது தெப்பக்குளத்துக்கு அருகே அப்படி ஒன்றில். முன்கட்டில் சொந்தக்காரர், அடுத்ததில் பென்ஷன் வாங்குகிறவர், கடைசிக் கட்டில் கோயில் சிப்பந்தி. எல்லோருக்கும் ஒரு வாசல், ஒரு கிணறு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ரகசியமில்லை. சண்டை உண்டு, சொந்தக்காரரின் அதிகாரம் உண்டு. ஆனாலும் கடைசிக் கட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முன்கட்டில் விளக்கெரியும்.

பெருமையாக இதைச் சொல்லிக்கொண்டு வந்தவன் நடுவில் நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு வாசலில் நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரே ஜாதிக்காரர்கள். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்குக் கொல்லைப்புறச் சந்து இருந்தது. அவர்கள் அந்த வீட்டின் முன்வாசலை உள்ளேயிருந்து பார்த்ததே இல்லை.

லண்டனில், வசதியுள்ளவர்களும் குறைந்த வாடகைக்காரர்களும் சேர்ந்து வாழும் வளாகம் ஒன்றில், 2019-இல் ஒரு செய்தி வெளியாயிற்று. நடுவில் விளையாட்டு இடம். வாடகைக் குழந்தைகள் அதற்குள் போக முடியாதபடி செடிவேலி. அனுமதி வாங்கிய படத்தில் வழி இருந்தது. கட்டி முடித்தபோது வேலி இருந்தது. ஊரே கூச்சல் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. பம்பாயில் 1995-இல் ஒரு திட்டம் வந்தது. குடிசைவாசிகளுக்கு இலவசமாகக் கட்டடம்; மிச்ச நிலத்தில் விலைக்கு விற்கும் கோபுரம். பல இடங்களில் ஒரே நிலத்தில் இரண்டு கட்டடம், நடுவில் ஒரு சுவர் என்றுதான் அது முடிந்திருக்கிறது. வீடுகளைக் கலந்து கட்டிவிட்டால் மனிதர்கள் கலந்துவிட மாட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சிங்கப்பூரில் இதை நம்பிக்கைக்கு விடாமல் சட்டமாகவே செய்தார்கள். 1989 முதல் வீடமைப்புக் கழகத்தின் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விகிதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு. அதனால் ஒரு தமிழர் தம் வீட்டை விற்க நினைக்கும்போது வாங்க ஆள் தேடிச் சிரமப்படுவதும் உண்டு. ஆனால் மின்தூக்கியில் மூன்று பாஷையும் சேர்ந்து ஏறுகிறது.

"வீட்டுக்குள்ளே என்ன வித்தியாசம் வேணுமானாலும் இருக்கட்டும் மாமா. படிக்கட்டும் தெருவும் ஒண்ணா இருந்தாப் போதும்" என்றான் மருமகன். "நான் படத்திலே முதல்லே போட்டது வீடு இல்லை, வழி. சாந்தோம் சாலையிலிருந்து கடலுக்கு நாலு தெரு. நாலும் இந்த வளாகத்துக்குள்ளே புகுந்து போகுது. பஸ்ஸுக்குப் போறவனும் மீன் விக்கிறவங்களும் நடக்கிற இடத்துக்குத் தனியாக் காவல்காரன் வேண்டாம்."

தியாகராய நகரை நினைத்துப் பார்த்தேன். 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அந்தப் பேட்டையை அமைத்தவர்கள், நடுவில் ஒரு பூங்காவை வைத்து நாலா திசையிலும் சாலை விட்டார்கள். பனகல் பார்க்கிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஊருக்குள்தான் போய்ச் சேருவோம். முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகும் சந்தடி குறையாமல் அது உயிரோடு இருப்பதற்கு அந்தச் சாலைகளும் ஒரு காரணம். இப்போது நாம் கட்டும் வளாகங்களுக்கோ ஒரே வாசல். அதிலும் ஒரு தடுப்புக் கட்டை.

படத்தைச் சுருட்டும்போது அவன் யதேச்சையாகத்தான் கேட்டான். "உங்க பின்பக்கம் புதுசாக் கட்டறாங்களே, அங்கே போக ஒரு சின்னக் கதவு இருந்ததே, அது இருக்கு இல்லையா?"

என் மனைவி பதில் சொன்னாள். "உங்க மாமா கையெழுத்துப் போட்டு மூடிட்டார்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் நாவலை எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான்.

இந்த வருஷம் பின்பக்கத்துக் கட்டடம் முடிந்தது. அந்த அம்மாளுக்கு ஐந்தாவது மாடி கிடைத்திருக்கிறது. பால்கனியிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னல் தெரிகிறதாம். ஒரு நாள் மாலை என் பெண்ணைப் பார்க்க வந்தாள். பிரதான சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, காவல்காரரிடம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். இருபது எட்டில் இருக்கும் வீட்டுக்கு இருபது நிமிஷம்.

"பின்னாடிக் கதவு ஏன் சார் பூட்டிட்டாங்க?" என்று கேட்டாள்.

'பூட்டிட்டாங்க' என்ற அந்தப் பன்மையில் நான் ஒளிந்துகொண்டிருக்கலாம். அவளும் அதற்காகத்தான் அப்படிக் கேட்டாளோ என்னவோ. "நானும் கையெழுத்துப் போட்டேன் அம்மா" என்றேன். அவள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திருட்டு பயம்னா பூட்டத்தான் செய்வாங்க" என்றாள். இந்தத் தடவை கோபமில்லை என்று சொல்லவில்லை.

அன்றிரவே என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், கதவைத் திறக்க வேண்டுமென்றும் எழுதிக் கொடுத்தேன். கூட்டம் போட்டார்கள். இருபத்து நாலு வீட்டில் ஒன்பது பேர் என் பக்கம். அவர்களில் நாலு பேருக்கு இஸ்திரி பிரச்சினை; இருவருக்குப் பஸ். காரணம் எதுவானாலும் கை உயர்ந்தால் சரி. இன்னும் நாலு கை வேண்டும். அடுத்த கூட்டம் தை மாதத்தில். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாவல் எழுதுவதைவிட அது கஷ்டமான வேலை.

பூட்டின் சாவி காவல்காரரின் அறையில் ஆணியில் தொங்குகிறது. கடற்காற்று அதையும் விடவில்லை, துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை போய் அதற்கு எண்ணெய் போட்டுவிட்டு வருகிறேன்.