ஒரு மூடிப் பால்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஐந்தே நிமிடத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்வது எப்படி என்று ஒரு காணொளி. ஐஸ்கிரீம் குச்சி ஐந்து, சூட்டில் உருகும் பசை, கொஞ்சம் தங்கநிற நூல். அவ்வளவுதான். ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவள் அதைச் செய்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. சோபாவில் சாய்ந்திருந்த அம்மா அதைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“வாடையே இல்லையே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒங்கப்பா ஒட்டுனது ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன், தப்பாக.

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சாலையில் பிரியும் ஒரு செம்மண் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். பக்கத்து ஊரான கோலகங்சாரில்தான் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்த காடு முழுக்க எங்கள் ஆட்கள் வெட்டினார்கள். அப்பா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மரம் வெட்டுவார். எங்கள் லயத்தில் இருபது வீடு. அதில் வேதக்கார வீடு நாலு.

டிசம்பர் என்றால் மழை. பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். இருட்டில் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள், மண்டோர் வானத்தைப் பார்த்துக் கையை விரிப்பார், திரும்பி வந்துவிடுவார்கள். வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. செலவு கூடுகிற மாசத்தில் வரும்படி குறையும். அதனால்தான் எல்லாவற்றையும் கையால் செய்தோம். கையால் செய்வது மனதுக்கு நல்லது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

வேலை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறிய மத்தியானத்தில் ரப்பர் காய்கள் மரத்திலேயே ‘படீர் படீர்’ என்று வெடித்துக் கொட்டைகள் சிதறும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. பழுப்பில் வெள்ளி பூசினாற்போல் ஒவ்வொன்றிலும் ஒரு கோலம் இருக்கும். ஒரே மரத்துக் கொட்டைகளில் ஒரே கோலம்தான் விழும், அடுத்த மரத்தில் வேறு. பையன்கள் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். நாங்கள் பொறுக்கிக் காயவைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளைபோட்டு, கோணி நூலில் கோத்து வாசலில் தோரணமாகக் கட்டுவோம். வர்ணம் தேவையே இல்லை. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் பளபளவென்று நிற்கும்.

வாழ்த்து அட்டைக்கு ரப்பர் இலை. முற்றிய இலைகளைப் பழைய வாளியில் ஊறப்போட்டு மூன்று நான்கு வாரம் மறந்துவிட வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். சதை அழுகியதும் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலையாக மிஞ்சும். அதை வெளுத்து, சாயத்தில் முக்கி, புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் காயவைத்தால் மெல்லிய துணி மாதிரி ஆகிவிடும். ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக நிற்கும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அம்மா அதற்கு ஞானோபதேசமே நடத்துவார்.

குடிலுக்குச் சிமெண்டுப் பைத் தாள். கசக்கி, அடுப்புக்கரியும் சுண்ணாம்பும் பூசினால் குன்று தயார். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு பெத்லகேமும் அப்படித்தான் இருந்திருக்கும். சார்டின் டின்னில் மண் போட்டு நெல்லைத் தூவினால் பத்து நாளில் குடிலுக்குப் புல் வந்துவிடும்.

பரிசு என்றால் பலகாரம். அச்சுமுறுக்கும் நெய்உருண்டையும் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, இருபது வீட்டுக்கும் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தீபாவளிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தட்டுக்கு இது பதில். யாரும் வெறும் தட்டைத் திருப்பித் தர மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள்.

இதெல்லாம் பெண்களும் பிள்ளைகளும் செய்வது. நட்சத்திரம் மட்டும் அப்பாவின் வேலை.

முற்றிய மூங்கிலைச் சீவி ஒரே அளவில் பத்துக் குச்சி எடுப்பார். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னோர் ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரல் நீளத்தில் முட்டுக் கொடுப்பார். தட்டையாகக் கிடந்தது உப்பிக்கொண்டு எழும். அதன்மேல் பட்டத்தாள் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் திறப்பு விட்டு, உள்ளே பால்டின்னில் மெழுகுவர்த்தி. ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தியதும் லயமே இருட்டாகிவிடும். வாசலில் அது மட்டும் எரியும்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஃபிலிப்பைன்ஸில் ‘பரோல்’ என்று இதையேதான் மூங்கிலிலும் மெல்லிய தாளிலும் செய்கிறார்கள். ஜெர்மனியில் மொரேவியச் சபைக்காரர்களின் காகித நட்சத்திரம் 1830களில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமாகத் தொடங்கியதாம். அப்பா எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. அவருக்கு அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது.

1984. எனக்கு ஒன்பது வயது. அந்த வருசம் மழை விடவே இல்லை. நட்சத்திரத்துக்கு எப்போதும் மரவள்ளி மாவைக் காய்ச்சித்தான் பசை. ஈரக்காற்றில் அது காயவே மாட்டேனென்றது. ராத்திரி ஒட்டிய தாள் காலையில் பிரிந்து தொங்கும். மறுபடி ஒட்டுவார், மறுபடி பிரியும். டிசம்பர் 22 ராத்திரி சாரல் அடித்து மொத்தத் தாளும் கூழாகிக் கீழே விழுந்தது. எலும்புக்கூடு மாதிரி குச்சிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. நான் அழுத அழுகையில் நாலாவது வீட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. அப்பா வெட்டுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் கோப்பி போத்தலைத் திண்ணையில் வைத்தார். மூடியைத் தனியாக, வாழையிலைத் துண்டால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். உள்ளே பால். ரப்பர் பால்.

படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தோட்டத்தில் பால் கம்பெனியுடையது. ஸ்டோரில் நிறுப்பார்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார்கள். மங்கில் காய்ந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பால்கூடக் கணக்கில் சேரும். ஒட்டுப்பால் எடுத்தவன் என்று பேர் வாங்கினால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். வீடும் கம்பெனியுடையதுதானே. அப்பா அதுவரை ஒரு சொட்டுப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பையன்கள் ஒட்டுப்பாலில் பந்து உருட்டினால்கூடப் பிடுங்கித் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொல்வார்.

அம்மா மூடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்.

பால் கட்டியாவதற்குள் ஒட்ட வேண்டும். அப்பா கோழி இறகால் குச்சிகள்மேல் தொட்டுத் தொட்டுத் தடவினார். புளித்த வாடை வீடு முழுக்க. தாள் அப்படியே பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரியும் மழை பெய்தது, மறுநாளும் பெய்தது. நட்சத்திரம் அசையவில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, “ஒங்க நட்சத்திரம் மட்டும் எப்டி நிக்குது?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இருபத்து நான்காம் தேதி டவுன் கோவிலில் பாவசங்கீர்த்தனம். அப்பா முழங்காலில் இருந்த நேரம் வழக்கத்தைவிட அதிகம். வெளியே வந்ததும் அம்மா தாழ்ந்த குரலில், “சொன்னீங்களா?” என்றார். அப்பா தலையாட்டினார். “என்ன சொன்னாரு சாமியாரு?” “மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அவரு சிரிச்ச மாதிரி இருந்துச்சு” என்றார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பேராக்கில் நிறையப் பேருக்குத் தெரிந்த கதை. 1990வாக்கில் நாட்டில் ரப்பரைவிட செம்பனையின் பரப்பு கூடிவிட்டது. எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் காசைச் சேர்த்து தோட்டங்களை வாங்கினார். அப்படி வாங்கப்பட்டவற்றில் எங்கள் தோட்டம் இல்லை. அது கைமாறியது, மரங்கள் விழுந்தன, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். 31 வருசம் வெட்டிய அப்பா ஆபீசில் ஒரு உறை வாங்கி, கையெழுத்துப் போட்டார். “எல்லாக் கணக்கும் தீந்துருச்சு” என்றாராம் கிராணி. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “என் பக்கம் ஒரு மூடிப் பால் பாக்கி இருக்கு. அது அவருக்குத் தெரியாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஈப்போவுக்கு வந்தோம். யிக் ஃபோங் காம்ப்ளெக்ஸில் பிளாஸ்டிக் மரமும் மின்னுகிற விளக்கும் வாங்கினோம். முதல் சம்பளத்தில் நான்தான் வாங்கினேன். அப்பா மூங்கில் தேடினார். “இங்க எங்கப்பா மூங்கிலு? இதுவே போதும்” என்றேன். உண்மையில் எனக்கு வெட்கம். அலுவலகத் தோழிகள் வருகிற வீட்டில் பட்டத்தாள் நட்சத்திரம் வேண்டாம் என்று நினைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. அதற்கப்புறம் அவர் நட்சத்திரம் கட்டவே இல்லை.

சில வருசம் கழித்து எழுத ஆரம்பித்தேன். அந்த மூடிப் பாலைச் சிறுகதையாக்கினேன். என் கதையில் அப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘எல்லாம் எங்க ரத்தம்’ என்று நினைத்துக்கொண்டே பாலை எடுக்கிறான். பாவசங்கீர்த்தனக் காட்சியை வெட்டிவிட்டேன், கதைக்கு இடைஞ்சலாக இருந்தது. கதை வெளிவந்தது, ஒரு கூட்டத்தில் பாராட்டினார்கள். வீட்டில் நட்சத்திரத்துக்கு வெட்கப்பட்டவள் மேடையில் அதே நட்சத்திரத்துக்குக் கைதட்டல் வாங்கினேன்.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. அம்மா வாசித்துக் காட்டினார். முடிந்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

“நான் கோவத்துல எடுக்கல” என்றார் கடைசியில். “நீ அழுத. அதான் எடுத்தேன்.”

“அவங்க ஒங்ககிட்ட எவ்ளோ எடுத்தாங்கப்பா.”

“அது அவங்க பாவம். இது ஏன் பாவம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காத.”

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருசம் அவர் இறந்துபோனார். சிலிபின் லூர்து மாதா கோவிலில்தான் அடக்கப் பூசை. அவர் சொன்னதோடு எனக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. 31 வருசத்தையும் ஒரு மூடியையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால், அவர் கையில் இருந்த மூடியைப் பிடுங்கி, என் கோபத்தை அதில் ஊற்றி, அவருடையது என்று விற்றுவிட்டேன். அது கம்பெனிக்காரன் செய்ததைப் போல இல்லையென்றாலும், எடுத்தது எடுத்ததுதான்.

இந்த வருசம் மகளுடைய ஐஸ்கிரீம் குச்சி நட்சத்திரத்தோடு வாசலில் ஒரு கொட்டைத் தோரணமும் தொங்குகிறது. செப்டம்பரில் அம்மா திடீரென்று கேட்டார், போனோம். பழைய தோட்டத்துப் பாதை முழுக்கச் செம்பனை. லாசா பக்கம் ஒரு மலாய்ச் சிறுதோட்டக்காரரின் வேலியோரத்தில்தான் ரப்பர் மரங்களைக் கண்டோம். கொட்டைகள் ரோட்டு வரைக்கும் சிதறிக் கிடந்தன. மகள் இறங்கி ஓடிப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“கேட்டுட்டு எடுக்கச் சொல்லு” என்றார் அம்மா காருக்குள்ளிருந்தே.

“ரோட்டுல கெடக்குதும்மா.”

“கேட்டுட்டு எடுக்கச் சொல்லு.”

நான் போய்க் கேட்டேன். அந்தப் பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. கொட்டையா, எதற்கு என்றார். வீட்டை அலங்கரிக்க என்றதும் சிரித்துவிட்டு, “அம்பிக் லா” என்று கையை வீசினார். எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பொறுக்கினோம். புறப்படும்போது அம்மா, வழியில் தின்ன எடுத்து வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். கொண்டுபோய் அவருடைய மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பியதும் அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இது நம்ம மரத்துக் கோலம் இல்ல” என்றார். பிறகு அதைச் சேலையில் துடைத்து மகள் கையில் கொடுத்தார்.