காசியிலிருந்து காசி யாத்திரை!

'கல்யாணம் காசியில்' என்றதுமே கும்பகோணத்துப் பாட்டி கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, என்னை அங்கே அனுப்பி வைக்க உங்களுக்கெல்லாம் அவ்வளவு அவசரமா?"

அவர் என் பாட்டி இல்லை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து ஸீட் நண்பனின் பாட்டி. பையன் கும்பகோணம், பெண் கொல்கத்தா. கும்பகோணத்தில் கல்யாணம் என்றால் பெண் வீட்டார் முகம் சுருங்கியது. கொல்கத்தா என்றால் பையனின் அப்பா முகத்தையே காணோம்! கடைசியில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு ஊர், ஒரு ஆறு. கேதார் காட் பக்கம் போனால் தமிழ் காதில் விழும். பெங்காலி டோலாவுக்குள் நுழைந்தால் வங்காளம். பாரதியார் 1898-லிருந்து சில வருஷம் அத்தை வீட்டில் தங்கிப் படித்த அனுமன் காட்டும் கொஞ்ச தூரம்தான்.

முடிவு தெரிந்த நாளிலிருந்து அப்பா பையனோடு பேசவில்லை. நாலு மாசம்! "பத்திரிகை வைக்க நீ போடா. நான் போனா கதவையே திறக்கமாட்டார்" என்று என்னை அனுப்பிவிட்டான். அவனுக்கென்ன? திட்டு வாங்கப் போகிறவன் நான்தானே!

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, முப்பது வீடு. ஒரு மாமா கேட்டார்: "சுபகாரியத்தை மயானத்துக்குப் பக்கத்திலயா வைப்பா?" கேதார் காட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் அரிச்சந்திர காட். என்னத்தைச் சொல்ல? காபியைக் குடித்துவிட்டு நழுவினேன்.

"எந்த மாசம்?" என்று கேட்டவர்களிடம் மட்டும் புலி மாதிரி பதில் சொன்னேன். நமக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. அவர்களுக்கு பாத்ரம், பௌஷம், சைத்ரம் ஆகாது. அதாவது கிட்டத்தட்ட நம் ஆவணி, மார்கழி, பங்குனி. மழைக்காலத்தில் வைத்தால் வெள்ளத்தில் படித்துறையே முழுகிவிடும். தையில் வைத்தால் பனிமூட்டம். ரயில் எப்போது வரும் என்பது ரயிலுக்கே தெரியாது! சலித்துச் சலித்துப் பார்த்ததில் சல்லடையில் நின்றது மாசி.

அப்பா பத்திரிகையை வாங்கி ஊஞ்சலில் வைத்தார். "லீவு கிடைக்காது" என்றார். ரிடையராகி ஆறு வருஷமான மனிதர்!

உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: "காசிக்கு அழைச்சுண்டு போறேன், அழைச்சுண்டு போறேன்னு முப்பது வருஷம் சொல்லிண்டே இருந்துட்டு உங்க தாத்தா போய்ச் சேர்ந்தார். பேரனாவது கூப்பிடறானே! நான் போறேன். துணைக்கு யார் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. இருபத்தேழு பேர், எண்ணெயில் குளித்த மிளகாய்ப்பொடி இட்லி, மேல் பெர்த்தில் வாய் திறக்காத அப்பா. காசிச் சந்துகளில் கார் போகாது என்பதால் பாட்டியைப் படகில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கூட்டிப் போனோம். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "ஆறு இங்கே வடக்கே போறதேடா!" என்றார். அப்புறம் கரை வரும்வரை பேசவில்லை.

அடுத்தது மீன் பிரச்னை. மஞ்சள் பூசும் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரிய மீனை அலங்கரித்து அனுப்புவது வங்காள வழக்கம். கும்பகோணத்து ஆசாரம் மீனை எப்படி அனுப்பும்? சம்பந்தியம்மாளே வழி சொன்னார். மீன் அச்சில் செய்த சந்தேஷ்! தாம்பாளத்தில் பளபளவென்று போனது. சாயங்காலம் எங்கள் கோஷ்டியே அந்த மீனைத் தின்று தீர்த்தது வேறு விஷயம்.

மறுநாள் காலை முகூர்த்தம். பஞ்சகச்சம், குடை, விசிறி, கைத்தடியோடு காசி யாத்திரை கிளம்பினான் நண்பன். பெண்ணின் அப்பா இங்கிலீஷில் ஒரு நியாயமான சந்தேகம் கேட்டார்: "மாப்பிள்ளை ஏற்கெனவே காசியில்தானே இருக்கிறார்?"

வாத்தியார் அசரவில்லை. "ராமேஸ்வரம் போறார்னு வெச்சுக்குங்கோ! கங்கா ஜலத்தை அங்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டாமா?"

நண்பன் நடந்தான். தடுத்து நிறுத்த வேண்டிய மாமனாருக்கு, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த தமிழ் வசனம் மறந்துவிட்டது. பத்தடி... இருபதடி... சந்து முனையில் ஒரு காளை மாடு குறுக்கே நின்றது. இவன் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"டேய்! குடையைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு! எங்கேடா போறே? உள்ளே வாடா!"

அப்பா! நாலு மாசத்துக்குப் பிறகு முதல் பேச்சு. சம்பந்தி சொல்ல வேண்டிய வசனத்தை இவரே சொல்லிவிட்டார். நண்பன் திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. ஹோமப் புகைதான் காரணம் என்றான். ஹோமம் அப்போது ஆரம்பிக்கவே இல்லை!

ராத்திரி வங்காளக் கல்யாணம். வெற்றிலையால் முகத்தை மூடிய பெண்ணை மணைப் பலகையோடு தூக்கி, தக்கைக் கிரீடம் வைத்த மாப்பிள்ளையை ஏழு சுற்று சுற்றினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்ப, "அட, நம்மூர்க் குலவைடா!" என்று பாட்டியும் கூடச் சேர்ந்துகொண்டார்.

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டுமல்லவா? திரும்பும்போது ரயிலில் பாட்டி கேட்டார்: "நான் அவரைக்காயை விட்டேன். நீ என்னடா விட்டே?"

'கோபத்தை' என்று அப்பா சொல்லியிருந்தால் அது சினிமா. அவர் சொன்னது: "கத்திரிக்காய்."

கத்திரிக்காய் அவருக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காதாம்!